பிரதிஷ்டைக்கு முன் திறந்த கதவு

போன மாதம் ஹட்டனில் நீங்கள் நடத்திய திட்டமிடல் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் மலையகத்தின் வரைபடம் வெளிச்சமாக விழுந்தது. நன்றாக நடக்கிற நம் கிறிஸ்தவ சபைகளுக்குப் பச்சைப் புள்ளி, புதிதாக நாட்டப்போகும் சபைகளுக்கு மஞ்சள், இழுத்துக்கொண்டு கிடப்பவற்றுக்குச் சிவப்பு. தலவாக்கலைப் பக்கத்துச் சிவப்புப் புள்ளிகளில் ஒன்று நான் இளவயதில் ஓடி ஓடி வளர்த்த சபை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அதற்குள் சூடாக வடை வந்தது, கோபம் ஆறிவிட்டது. இந்த வயதில் என் கோபம் அவ்வளவு நேரம்தான் தாங்குகிறது.

தேநீருக்கு முன்னால் உங்களில் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரிங்க, போட்ட திட்டம் அன்னைக்கே கவுந்துட்டா என்ன செய்யிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் நான் எங்கெங்கோ போய்விடுவேன் என்று எனக்கே தெரியும். எழுதித் தருகிறேன் என்று அவரிடம் தனியாகச் சொன்னேன். இது அந்தப் பதில்.

ஓய்வுபெறும்வரை இந்த வட்டாரத்தில் எனக்கு இருந்த வேலை, எங்கே புதிய சபை நாட்டலாம், எங்கே தூங்கிப்போன சபையை எழுப்பலாம் என்று பார்த்துத் திட்டம் போடுவது. எந்தப் பிரிவில் எத்தனை குடும்பம், பஸ் எதுவரை போகும் என்பதெல்லாம் உங்களுக்கு இப்போது கையடக்கத் தொலைபேசியிலேயே கிடைக்கிறது. அதை நான் சொல்லித்தரப் போவதில்லை. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவை அங்குள்ளவர்கள் மேக்கணக்கு என்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள்ளே மூச்சு வாங்க ஏற வேண்டும்.

அங்கே நம் ஆட்கள் சில குடும்பங்கள்தான். பழைய ஆலயம் கூரை இறங்கி, ஆடு கட்டும் இடமாகிப் பல காலம். அங்கே மறுபடியும் ஒரு சபையை நாட்டுவதென்று முடிவெடுத்து, ஒரு பெண்ணை ஊழியத்துக்கு அனுப்பினோம். இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொன்னேன். "என் பேரைப் போட்டீங்கன்னா இனிமே உங்க வீட்டுப் பக்கமே வரமாட்டேன் ஐயா" என்றாள். அதனால் தங்கச்சி என்றே எழுதுகிறேன். உத்தியோகத்தில் எனக்குக் கீழே, வயதிலும் மிகவும் இளையவள். நான் இந்த வேலையைப் படித்தது பாதி அவளிடம்தான். அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

தங்கச்சி அங்கே பிரசங்கம் செய்ததைவிட ஆஸ்பத்திரிக்கு ஆட்களோடு போனதுதான் அதிகம். கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் வரும்வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். யாருக்காவது சிங்களத்தில் பேச வேண்டியிருந்தால் கூடப் போவாள். நான் மாதாந்தம் கேட்கிற கேள்விக்கெல்லாம், "இன்னும் பழகிக்கிட்டுத்தான் இருக்கேங்க ஐயா" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். மாதாந்த அறிக்கைப் படிவத்தில் பழகுவதற்கு எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது?

எப்படியோ சபைக் குடும்பங்கள் சேர்ந்து, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதி வாங்கி, பழைய இடத்திலேயே சின்னதாகப் புதிய ஆலயம் கட்டிவிட்டார்கள். கதவைச் செய்தவர் நம் சபை மூப்பரான தச்சர், டேவிட் பாஸ்; தச்சர்களை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பிரதிஷ்டைக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகலைக் குறித்தோம். கொழும்பிலிருந்து எங்கள் தலைமைப் போதகர் வர வேண்டும். அவரைப் பெரிய ஐயா என்போம். அவர் பூட்டைத் திறந்து, முதல் ஆளாக உள்ளே போய், ஜெபித்து ஆலயத்தைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பார். பிறகுதான் மற்றவர்கள் நுழைய வேண்டும்.

இதில் எங்கள் ஆட்களுக்கே வரக்கூடிய ஒரு கெட்டித்தனம் நடந்தது. வெள்ளிக்கிழமை உள்ளே அலங்காரம் முடிந்ததும் கதவைப் பூட்டி, இருந்த எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து, சிவப்பு வெல்வெட் விரித்த தட்டில் வைத்து, பெரிய ஐயாவை அழைத்துவரப் போன வாகனத்தில் அனுப்பிவிட்டார்கள். அதற்குமுன் யாரும் தவறியும் திறந்துவிடக் கூடாதாம். பிரதிஷ்டைக் குழுவின் செயலாளர் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே கொழும்புக்குப் போனார்.

அந்த வாரம் முழுக்க மழை. மேக்கணக்கில் ஒரு லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மண் வெடித்திருந்தது. கிராம சேவகர் வந்து பார்த்து, அந்த லயத்தில் யாரும் தங்கக் கூடாது என்று சொல்லி, எல்லாக் குடும்பங்களையும் பாடசாலைக்கு அனுப்பிவிட்டார். அந்த லயத்தில்தான் ராஜேஸ்வரி என்கிற கொழுந்தெடுக்கும் பெண் தன் அப்பா சுப்பையாவோடு இருந்தாள். அவருக்கு அவள் ஒரே பிள்ளை. அவர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். நம் சபைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. சுப்பையா டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். துணைக்கு மாறி மாறி இருந்தது மகளும் தங்கச்சியும்.

சனிக்கிழமை காலை நான் ஆலய வாசலில் நின்று, மழைக்குப் பந்தல் தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜேஸ்வரி நனைந்துகொண்டே ஏறி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே தங்கச்சியிடம் போனாள்.

"அக்கா, அப்பா போயிட்டாரு."

தங்கச்சி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் மாலையே உயிர் போயிருக்கிறது. உடலைப் பெட்டியில் வைத்து, சாவுக் காரியங்களைக் கவனிக்கிற மலர்ச்சாலையின் வண்டி கொண்டுவந்துகொண்டிருக்கிறது. செய்தி சொல்வதற்கு அவள் முன்னால் வந்துவிட்டாள்.

"எங்கக்கா வைக்கிறது?" என்றாள். "லயத்துப் பக்கம் போகவே விடமாட்டேங்கிறாங்க. அப்பா ஆஸ்பத்திரியில கண்ண முழிக்கிறப்பல்லாம் ஒண்ணுதாங்க்கா கேட்டாரு. மழ நின்னுச்சா, வீட்டுக்குப் போலாமான்னு. நானும் போலாம் போலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எங்க வீடு இல்லாட்டியும் ஒரு வீட்டுக்குள்ள ஒரு ராத்திரி வச்சிருந்து அனுப்பிட்டேன்னா போதும்."

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒரு கூரை, நாலு சுவர், ஒரு ராத்திரி.

பக்கத்தில் நின்ற எல்லோரும் யோசித்தோம். பாடசாலையில் வகுப்புக்கு ஐந்தாறு குடும்பம், கைக்குழந்தைகள், காய்ச்சல்காரர்கள். அங்கே பெட்டியைக் கொண்டுபோக முடியாது. பிள்ளைக்காம்பரா, அதுதான் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம், அதிலும் ஆட்களைத் தங்கவைத்திருந்தார்கள். கோயிலில் பிணத்தை வைக்க வழியே இல்லை. சாவு விழுந்தால் நடை சாத்துகிற இடம் அது. மற்ற லயங்களில் காம்பரா அறைகளுக்குள் உறவுக்காரர்கள் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களம் மட்டும் காலியாக இருந்தது. அதற்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் புத்தம்புதிய கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை அங்கே நின்ற எல்லோரும் பார்த்தார்கள். நானும்தான்.

தங்கச்சி திரும்பினாள். "ஐயா, இங்க வைப்போம்."

முதலில் வேண்டாம் என்றது நம் ஆட்கள் இல்லை, கோயில் தலைவர் முனியாண்டி. நல்ல உயரம், நல்ல குரல், சுப்பையாவுக்குப் பங்காளி முறை. அவர் பதறிப்போனார்.

"வேணாங்க ஐயா. புதுக் கோயிலுங்க. நீங்க இன்னும் சாமி கும்பிடவே ஆரம்பிக்கல. மொதமொதல்ல பொணத்தையா கொண்டுபோய் வைக்கிறது? எங்க கோயிலா இருந்தா நாங்க விடுவோமா? உங்க சாமிக்கு மட்டும் அது ஆகுமா? அந்தப் பாவம் எங்களுக்கு வேணாங்க."

டேவிட் பாஸும் கையைப் பிசைந்தார். "பெரிய ஐயா வந்து ஜெபம் பண்ணித் தொறக்கிற கதவுங்க ஐயா. அவரு வாறதுக்கு முந்தி நாம எப்படிங்க..."

நான் தொலைபேசியை எடுத்தேன். அந்த மேட்டில் எப்போதும் ஒரு கோடு சிக்னல் இருக்கும். அன்றைக்கு அதுவும் இல்லை. இரண்டு பக்கமும் நடந்து பார்த்தேன், தேயிலைக்குள் இறங்கியும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பெரிய ஐயாவிடம் அனுமதி கேட்பதைவிட, இந்த முடிவை அவர் தலையில் வைத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் தேடினேன். நீங்களும் இப்படித் தேடுவீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிக்னல் கிடைக்காதபோது என்ன செய்கிறோம் என்பதற்குத்தான் நமக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் பேசியதெல்லாம் ராஜேஸ்வரியின் காதில் விழுந்திருக்கிறது. அவள் கோபப்படவில்லை. தலையில் போட்டிருந்த பொலித்தீனைச் சரிசெய்துகொண்டு, "பரவால்லைங்க ஐயா. பெரட்டுக் களத்துலயே வச்சிக்கிறேன். பெட்டிக்குக் குடை புடிச்சிக்கிட்டு நான் நின்னுக்கிறேன்" என்றாள்.

தங்கச்சி என் அருகில் வந்து, மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பெரிய ஐயா வந்து ஜெபம் பண்ணினாத்தானே ஐயா ஆலயம்? இப்ப அது வெறும் கட்டடந்தானே? கட்டடத்துல ஒரு ஆள வைக்கிறதுக்கு யாருக்கு என்ன பாவம்?"

முனியாண்டி யோசித்தார். டேவிட் பாஸும் யோசித்தார். அவர்கள் இருவருக்கும் அது ஒரு வழியாகப் பட்டது. நான் அவளை மட்டும் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "பிரதிஷ்டை முடிஞ்சிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அப்பவும் இங்கதான் வைக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள். "அதுக்குத்தானே கட்டினோம்."

நான் எத்தனையோ திட்ட அறிக்கைகள் எழுதியவன். நோக்கம் என்கிற தலைப்பின் கீழே பக்கம் பக்கமாக நிரப்பியிருக்கிறேன். அவள் அதை இரண்டு சொல்லில் முடித்துவிட்டு, பாய் எங்கே இருக்கிறது என்று தேடப் போய்விட்டாள்.

"பாஸ், கதவத் தொறங்க" என்றேன்.

"சாவி இல்லைங்களே."

அப்போதுதான் வெல்வெட் தட்டு ஞாபகம் வந்தது. அந்த நிலையிலும் முனியாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாச் சாவியையுமா கொடுத்தனுப்பினீங்க?" என்று கேட்டுவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். வண்டி கீழே வளைவில் ஹோர்ன் அடித்தது. டேவிட் பாஸ் தன் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தார். தானே இழைத்து, தானே மெருகு பூசி, தானே கொண்டி வைத்த கதவு. உளியை வைத்துவிட்டு ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கொண்டி பலகையோடு பிய்ந்து வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரத்தூள் விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

மலர்ச்சாலை வண்டியின் சாரதி சிங்களவர். பெட்டியை இறக்கும்போது ராஜேஸ்வரியின் முகத்தைப் பார்த்து "அனே பவ்" என்று இரக்கப்பட்டுக்கொண்டே, தானும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் பெட்டி நின்றுவிட்டது. தூக்கியிருந்தவர்கள் எல்லோரும் ஒரு கையால் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, காலாலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முனியாண்டி மட்டும், "வலது கால வச்சித்தானே உள்ள போகணும்?" என்று என்னைக் கேட்டார். "ஆமாங்க" என்றேன். எங்கள் வழக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அது சரியான கேள்வியாகப் பட்டது.

உள்ளே பிரதிஷ்டைக்காகக் கட்டிய கலர்க் காகிதப் பூக்கள் கூரையெங்கும் தொங்கிக்கொண்டிருந்தன. ரோஜா நிறம், மஞ்சள், கிளிப்பச்சை. சபைப் பிள்ளைகள் அவசரமாக ஏணியைக் கொண்டுவந்து அறுக்கப் போனார்கள்.

"இருக்கட்டும்மா" என்றாள் ராஜேஸ்வரி. "அப்பாவுக்குக் கலர்னா புடிக்கும். திருவிழா நேரம் லயத்துக்கு இவருதான் தோரணம் கட்டுவாரு."

அதுவரை அழாதவள் அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெளியே தப்புக்காரர்கள் தயங்கி நின்றார்கள், அடிக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். முன் தாழ்வாரத்தில் நனையாமல் நின்று அடிக்கச் சொன்னேன். பிரதிஷ்டை விருந்துக்கு ஹட்டனிலிருந்து பிரியாணிச் சட்டிகளோடு வந்து இறங்கிய முஸ்லிம் கடைக்காரர், எங்களுக்கெல்லாம் நானா, தப்புச் சத்தத்தைக் கேட்டதும் நிலைமையைப் புரிந்துகொண்டார். "மவுத்து வீட்டுல இதக் குடுக்க ஏலாது ஐயா" என்று சொல்லி, சட்டிகளை அப்படியே பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திருப்பிவிட்டார். போனவர் பாணும் சம்பலும் தேயிலையும் சீனியுமாகத் திரும்பி வந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பெரிய ஐயா வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வழியில் மண் விழுந்து வாகனம் வெகுநேரம் நின்றிருக்கிறது. முதலில் இறங்கியது செயலாளர், கையில் வெல்வெட் தட்டு. அவர் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார், பிய்ந்த கொண்டியைப் பார்த்தார், தப்படிக்கிறவர்களைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. நல்ல மனிதர், இப்போதும் எனக்கு நண்பர்.

"பிரதிஷ்டைக்கு முந்தியே இப்படிச் செய்திருக்கீங்களே! அறிக்கையில என்னன்னு எழுதப்போறீங்க?"

"நடந்ததைத்தான்" என்றேன். துணிச்சலாகச் சொன்னேனே தவிர, பெரிய ஐயாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய ஐயா ஒரு சொல் சொன்னால் போதும். தங்கச்சியின் அத்தனை வருட நடையும் வீணாகிவிடும். அதைவிட, உள்ளே இருக்கிற பெட்டியை எடுக்கச் சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

பெரிய ஐயா என்னிடம் கேட்டார். "யாரு இறந்தது?"

"சுப்பையான்னு ஒருத்தருங்க. இந்தத் தோட்டத்துக்காரர்."

"நம்ம சபையா?"

"இல்லைங்க ஐயா." பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கையில் மடித்து வைத்திருந்த வெள்ளை அங்கியைச் செயலாளரிடம் கொடுத்தார். உள்ளே போய், பெட்டியின் அருகே சற்று நேரம் நின்றுவிட்டு, ராஜேஸ்வரிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தார்.

"அப்பாவுக்காக நான் ஒரு ஜெபம் பண்ணலாமாம்மா?"

அவள் அழுத முகத்தை முந்தானையால் துடைத்தாள். "பண்ணுங்க ஐயா. அதுக்கு முந்தி டீ குடிங்க. மழையில வந்திருக்கீங்க" என்றவள், திரும்பி, நின்றுகொண்டிருந்த எங்களையும் பார்த்தாள். "எல்லாரும் உக்காருங்க. அக்கா, ஐயாமாருக்கு டீ குடுங்க."

பெரிய ஐயா அந்தத் தேநீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் ஜெபித்தார். சின்ன ஜெபம். சுப்பையாவின் பெயரைச் சொன்னார், மகளின் பெயரைச் சொன்னார். முனியாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவர்கள் முறைப்படி செய்ய வேண்டியதை அவர்கள் செய்தார்கள். சுப்பையா அன்றிரவு அந்தக் காகிதப் பூக்களுக்குக் கீழே இருந்தார். மறுநாள் மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் தேயிலைக்கு நடுவே அடக்கம் செய்தோம்.

கதை இதோடு முடிந்திருந்தால், நான் நல்ல முடிவெடுத்தேன் என்று உங்களிடம் பெருமையடித்துக்கொள்ளலாம். அடக்கம் முடிந்து திரும்பிவந்தால், தோட்டத்துப் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீரோடு ஆலயத்துக்குள் நிற்கிறார்கள். தரையைத் தேய்த்துக் கழுவி, மூலைக்கு மூலை மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சாவு நடந்த இடத்தைக் கழுவாமல் விட்டால் வீட்டுக்காரர்களுக்கு மரியாதை இல்லையாம். அந்த வீட்டுக்காரர்கள் என்று அவர்கள் நினைத்தது எங்களை.

டேவிட் பாஸ் மறுபடியும் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "ஐயா, மஞ்சத் தண்ணி தெளிக்கிறாங்க. விடலாமாங்க?"

நாங்கள் எத்தனையோ கூட்டங்களில் இந்த மாதிரி விஷயங்களைப் பற்றி வாதாடியிருக்கிறோம். எது வழக்கம், எது வழிபாடு, எங்கே கோடு போடுவது என்று. அந்த வாதங்கள் தேவையானவைதான். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் ராத்திரி முழுக்க முழித்திருந்த பெண்கள், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, நம் ஆலயத்தின் தரையைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தேன், தங்கச்சியும் ஒரு விளக்குமாற்றோடு அவர்களுக்கு நடுவில் நிற்கிறாள்.

"ஜன்னல எல்லாம் தொறந்து வையுங்க பாஸ்" என்றேன். "தரை காயட்டும்."

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், தம்பி. திட்டம் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் திட்டத்தைப் பார்க்காதீர்கள், எதிரில் நனைந்துகொண்டு நிற்கிற ஆளைப் பாருங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அநேகமாகச் சின்னதாகத்தான் இருக்கும், உங்களிடம் இருப்பதாகவும் இருக்கும். இரண்டாவது, அந்த இடத்தில் பழகியவர் சொல்வதைக் கேளுங்கள், அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவராக இருந்தாலும். தங்கச்சி வருடக்கணக்காகப் பழகிக்கொண்டுதான் இருந்தாள். அதனால்தான் ராஜேஸ்வரி மழையில் ஏறி எங்களிடம் வந்தாள். எங்கள் வரைபடத்தைப் பார்த்து அவள் வரவில்லை. மூன்றாவதும் ஒன்று உண்டு, ஆனால் அதை நான் புத்திமதியாகச் சொல்லத் தெரியாமல்தான் மீதிக் கதையைச் சொல்கிறேன்.

சில நாள் கழித்து, பிரதிஷ்டைக்கு மறுபடி எப்போது வரலாம் என்று பெரிய ஐயா தொலைபேசியில் கேட்டார். அடுத்த சனிக்கிழமையையே வைக்கலாம் என்று நான் சொன்னேன். எனக்கு அவசரம், வட்டார அறிக்கை பாதியில் நின்றது. மறுநாள் முனியாண்டி ஹட்டன் சந்தைக்கு வந்தவர், என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து நின்றார்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. கருமாதி முடியிற வரைக்கும் அங்க விசேஷம் ஒண்ணும் வைக்காதீங்க. சாவு விழுந்த வீடுங்க அது."

நான் அவரை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, தேதியைத் தள்ளிவைத்தேன். பெரிய ஐயாவிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

கருமாதி முடிந்து குறித்த அந்த நாள் நல்ல வெயில். டேவிட் பாஸ் கதவில் புதுப் பலகை ஒட்டு வைத்து, ஒட்டிய இடம் தெரியாமல் மெருகு பூசியிருந்தார். சபைக் குடும்பங்கள் வெள்ளை உடுத்தி நின்றார்கள். தோட்டத்து ஆட்களுக்காக முன்வரிசையில் விருந்தினர் நாற்காலிகள் போட்டிருந்தோம். முனியாண்டிக்கு ஒன்று, ராஜேஸ்வரிக்கு ஒன்று. ராஜேஸ்வரி நம் சபையில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இன்றுவரை சேரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறாள்.

பெரிய ஐயா கதவைத் திறந்து, ஜெபித்து, ஆலயத்தை ஒப்புக்கொடுத்தார். ஆட்கள் வரிசையாக உள்ளே போகத் தொடங்கினார்கள். அப்போதுதான் கவனித்தேன், வாசற்படியில் ராஜேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சேலை, கையில் பன்னீர்ச் செம்பு, பக்கத்து முக்காலியில் சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டு. நாங்கள் யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை. செயலாளர் என் காதில், "இவங்களுக்கு முன்வரிசையில நாற்காலி போட்டிருக்கோமே, ஏன் வெளியில நிக்கிறாங்க?" என்று கேட்டார். விருந்தாளியை வெளியில் நிறுத்தினோம் என்ற பேர் நமக்கு வந்துவிடக் கூடாதென்று நான் அவளிடம் போனேன்.

"உள்ள வந்து உக்காரும்மா. உனக்கு முன்னுக்கு இடம் வச்சிருக்கு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"என்னங்க ஐயா நீங்க. நானும் உள்ள போயி உக்காந்துட்டா வாறவங்கள யாரு வாங்கன்னு கூப்பிடுறது? எங்க அப்பா கடைசியா இருந்துட்டுப் போன வீடுங்க இது."

சொல்லிவிட்டு, என் மேல் பன்னீரைத் தெளித்தாள். சந்தனத்தை நீட்டினாள். "வாங்க ஐயா, உள்ள வாங்க" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக உள்ளே போனேன்.